டிஜிட்டல் எஃப்எம் வந்தால் கூடுதல் சானல்களில் எந்தப் பாட்டு ஓடும்?

மொட்டைமாடி ஏரியல் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். எஃப்எம் பாட்டு நிலையங்கள் டிஜிட்டலுக்குப் போவதைப் பற்றி இங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

விஷயம் தெரியாதவர்களுக்காக: 2025 அக்டோபரில் தனியார் வானொலிக்கான டிஜிட்டல் ஒலிபரப்புக் கொள்கை குறித்து ட்ராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், தன் பரிந்துரைகளை வெளியிட்டது. முதலில் 13 நகரங்கள். டெல்லி, மும்பை, கொல்கத்தாவோடு சென்னையும் முதல் வரிசையில் இருக்கிறது. இப்போதைய எஃப்எம் நிற்கப்போவதில்லை. அதே அலைவரிசையில் பழைய ஒலிபரப்பும் டிஜிட்டலும் சேர்ந்தே போகும். ஒரு நிலையத்துக்கு வழக்கமான எஃப்எம் ஒன்று, டிஜிட்டலில் மூன்று சானல், தகவலுக்கென்று இன்னொன்று. ஏற்கெனவே இருக்கும் நிலையங்கள் விருப்பப்பட்டால் மாறலாம், கட்டாயம் இல்லை. நாடு முழுக்க ஒரே தொழில்நுட்பம் என்பதும் பரிந்துரையில் உண்டு. இனி முடிவெடுக்க வேண்டியது மத்திய அரசு.

எனக்கு இருக்கும் கேள்வி இதுதான். மூன்று டிஜிட்டல் சானலில் ஒன்று எஃப்எம்மில் ஓடுவதையே ஓட்டும். மீதி இரண்டில் என்ன ஓடும்? சென்னையில் இப்போது எந்த நிலையத்துக்குத் திருப்பினாலும் போன மாதம் வந்த படப் பாட்டு, இல்லாவிட்டால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பழைய மெலடி. கூடுதல் சானலிலும் அதுவேதான் என்றால் எவரும் புது ரேடியோ வாங்க மாட்டார்கள். எவரும் வாங்கவில்லை என்றால் சில வருடங்களில் 'டிஜிட்டல் எடுபடவில்லை' என்று மூடிவிடுவார்கள்.

நான் இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற சந்தா கட்டிக் கேட்கும் செயற்கைக்கோள் வானொலி ஞாபகம் இருக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அதன் ஏசியாஸ்டார் செயற்கைக்கோள் 2000 மார்ச்சில் மேலே போனது. தட்டையான சின்ன ஆண்டெனாவை மாடியில் கிழக்குக்குச் சற்றுத் தெற்காகத் திருப்பி, சாய்வை விரல் விரலாக மாற்றிக்கொண்டே பெட்டியில் சிக்னல் கோடுகள் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். தென்னை ஓலை குறுக்கே ஆடினாலே பாட்டு அறுந்துவிடும். அத்தனை தொல்லையையும் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள், சந்தாவும் கட்டினார்கள். காரணம், 'ஸ்ருதி' என்ற சானலில் 24 மணி நேரமும் கர்நாடக சங்கீதம். தமிழுக்கு 'கேஎல் ரேடியோ'. இந்துஸ்தானிக்கு 'காந்தர்வ்'. வேறு எங்கும் கேட்காதது அங்கே கேட்டது. டிஜிட்டல் என்ற பெயருக்காக யாரும் அதை வாங்கவில்லை.

சரி, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

பல்லாவரம் பாஸ்

சார், வேர்ல்ட்ஸ்பேஸ் கதையை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 2008 அக்டோபரில் அமெரிக்காவில் திவால் மனு போட்டார்கள். 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு இந்தியாவில் சேவை நின்றது. அந்தப் பெட்டியில் வேறு எதையும் கேட்க முடியாது. நல்ல பாட்டு போட்டும் நிலைக்கவில்லையே?

எனக்கு இந்த விஷயமே காலம் கடந்த ஒன்றாகத்தான் தெரிகிறது. கைப்பேசியில் ஆப் இருக்கிறது, வேண்டிய பாட்டை வேண்டிய நேரத்தில் கேட்கிறோம். இதற்குமேல் புது டிரான்ஸ்மிட்டர், புது செட் எல்லாம் எதற்கு?

---

மொட்டைமாடி ஏரியல்

பாஸ், அது நியாயமான கேள்வி. வேர்ல்ட்ஸ்பேஸ் விழுந்தது பாட்டால் இல்லை. செயற்கைக்கோளுக்குப் போட்ட பணம் மலையளவு, சந்தா கட்டுபவர்களோ அதற்குப் போதவில்லை. அதோடு, அந்தப் பெட்டி ஒரே ஒரு நிறுவனத்தின் பெட்டி. நிறுவனம் போனதும் பெட்டியும் போனது. இப்போது பேசுவது இலவச ஒலிபரப்பு. நிலையம் ஒன்று மூடினாலும் செட்டில் மற்ற நிலையங்கள் கேட்கும். இந்த வித்தியாசம் பெரியது என்று நினைக்கிறேன்.

---

வேதாரண்யத்தான்

ஆப் இருக்கிறதே என்கிற அண்ணனுக்கு எங்கள் ஊர்க்காரனாக ஒரு வார்த்தை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் பக்கம்தான் கரை ஏறியது. மின்கம்பம் மொத்தமும் சாய்ந்தது. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. டவர் எல்லாம் செத்துப்போய்க் கைப்பேசி வெறும் டார்ச் லைட்டாகத்தான் இருந்தது, அதுவும் சார்ஜ் இருக்கும் வரைக்கும். எங்கள் தெருவில் தையல் கடைக்காரர் ஒருவரிடம் இரண்டு பென்சில் பேட்டரி போடும் பழைய ரேடியோ இருந்தது. காரைக்கால் பண்பலையை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் அவர் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். எந்த ஊருக்கு லாரி வருகிறது, எங்கே தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று கேட்போம். நடுவில் பாட்டும் ஓடும். அந்த நேரத்தில் ஒரு பாட்டு கேட்பது எவ்வளவு பெரிய தெம்பு என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்காரர்களும் இதைப் பார்த்தீர்கள்தானே? நெட்வொர்க் போய்விட்டதே.

அதனால் என் கவலை வேறு. இந்த டிஜிட்டல் செட் இரண்டு பென்சில் பேட்டரியில் எத்தனை நாள் ஓடும்? அதை யாராவது சொல்லுங்கள்.

---

சால்டர் செல்வம்

பேட்டரி பற்றிக் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. வேதாரண்யத்தான் தம்பி, ஆரம்ப கால டிஜிட்டல் செட்கள் எல்லாமே பேட்டரியைக் குடிக்கிறவைதான். சாதாரண எஃப்எம் செட்டில் ஒரு சின்ன சில்லு, அதிகம் கணக்குப் போடாது. டிஜிட்டலில் சிக்னலைப் பிடித்து, பிழை திருத்தி, சுருக்கிய ஒலியை விரித்துத் தர வேண்டும். புதுச் சில்லுகளில் இது குறைந்துகொண்டே வருகிறது. ஆனாலும் எஃப்எம் செட் அளவுக்கு வராது.

நான் டிரான்ஸ்மிட்டர் பக்கம் வேலை பார்த்தவன் என்பதால் இன்னும் சில விஷயங்கள் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் ஒரே நகரத்தில் இரண்டு எஃப்எம் நிலையங்களுக்கு நடுவே 800 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டிருக்கிறார்கள். இப்போதைய எஃப்எம் சிக்னல் 200 கிலோஹெர்ட்ஸ் அளவு இடத்தைப் பிடிக்கிறது. பக்கத்தில் மிச்சம் இருக்கும் காலி இடத்தில்தான் டிஜிட்டலை வைக்கப்போகிறார்கள். போட்டி இரண்டு முறைகளுக்கு நடுவே. ஒன்று எச்டி ரேடியோ, அமெரிக்காவில் 2002இல் ஒப்புதல் பெற்றது. எஃப்எம் சிக்னலின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு போகும். இன்னொன்று டிஆர்எம். 96 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் தனித் தொகுதியாகப் பக்கத்தில் உட்காரும். ஆகாசவாணி மத்திய அலையில் (ஏஎம்) முப்பதுக்கும் மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்களில் ஏற்கெனவே போட்டிருப்பது டிஆர்எம்தான். டெல்லியில் எஃப்எம் பட்டையில் இரண்டு முறைகளையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இழையைத் தொடங்கிய நண்பரின் கேள்விக்கு இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. எச்டி ரேடியோவில் முதல் சானல் சிக்னல் தேய்ந்தால் செட் தானாகவே எஃப்எம்முக்கு இறங்கிவிடும், கேட்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது சானலுக்கு அப்படி இறங்க இடமே இல்லை. சிக்னல் போனால் மௌனம்தான். அதுவும் டிஜிட்டல் பகுதியை எஃப்எம்மை விடப் பல மடங்கு குறைந்த திறனில்தான் அனுப்புவார்கள். அமெரிக்காவில் முதலில் நூற்றில் ஒரு பங்குதான் அனுமதித்தார்கள். வீட்டுக்குள் எடுக்கவில்லை என்று புகார் வந்து 2010இல் பத்தில் ஒரு பங்கு வரை ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

அதாவது, நீங்கள் ஆசைப்படும் புதுப் பாட்டுச் சானல்தான் முதலில் அறுந்து போகும் சானல். வண்டலூர் தாண்டியதும் எஃப்எம் இரைச்சலோடாவது கேட்கும், அது கேட்காது. திறனை எவ்வளவு வைக்கிறார்கள் என்பதை இப்போதே கவனிக்காவிட்டால் பின்னால் பாட்டைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

---

பல்லாவரம் பாஸ்

ஆக, வீட்டுக்குள் எடுக்காது, பேட்டரி நிற்காது, செட்டும் கடையில் கிடைக்காது. நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்?

---

சால்டர் செல்வம்

இல்லை பாஸ். சரியாகச் செய்தால் எடுக்கும் என்கிறேன். பக்கத்து நிலையத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் திறனை ஏற்ற வழி இருக்கிறது. செலவு ஆகும், அவ்வளவுதான்.

---

ஹாரோ தமிழன்

வணக்கம். நான் லண்டனில் இருந்து எழுதுகிறேன். இங்கே இதே விவாதம் இருபது வருடத்துக்கு முன்னால் நடந்தது. ஒரு பாட்டு நிலையத்தின் கதையைச் சொன்னால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

பிபிசி 1995இலேயே டிஏபி என்ற டிஜிட்டல் வானொலி முறையில் ஒலிபரப்பை ஆரம்பித்துவிட்டது. செட் விலை யாரும் தொட முடியாத அளவில் இருந்ததால் பல வருடம் கேட்க ஆளே இல்லை. 2002இல்தான் 99 பவுண்டுக்கு ஒரு செட் சந்தைக்கு வந்தது. அதே வருடம் மார்ச் 11ஆம் தேதி பிபிசி '6 மியூசிக்' என்ற நிலையத்தைத் தொடங்கியது. எஃப்எம்மில் கிடையாது, டிஜிட்டல் மட்டும். புகழ்பெற்ற பாட்டுகளுக்கு வேறு நிலையங்கள் இருந்தன. இதன் வேலை, அவற்றில் இடம் கிடைக்காத ராக், சோல், ஃபங்க், எலக்ட்ரானிக், புதுக் குழுக்கள், அதோடு பிபிசியின் சொந்தக் களஞ்சியத்தில் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த நேரடி இசைப் பதிவுகள்.

எட்டு வருடம் கழித்து, 2010 மார்ச்சில், செலவைக் குறைக்க இதை மூடலாம் என்று பிபிசி நிர்வாகமே முன்மொழிந்தது. கூடவே தெற்காசியர்களுக்கான தன் ஏசியன் நெட்வொர்க் நிலையத்தையும். அப்போது பிரிட்டனில் ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் 6 மியூசிக் என்று ஒன்று இருப்பதே தெரியும். வாரத்துக்குக் கேட்பவர்கள் 7 லட்சம் அளவில். ஆனால் மூடப்போகிறார்கள் என்றதும் கேட்பவர்கள் திரண்டார்கள். கடிதம், மனு, பிபிசி வாசலில் கூட்டம், இசைக் கலைஞர்களின் ஆதரவு. அந்தக் காலாண்டிலேயே கேட்பவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். ஜூலையில் பிபிசியை மேற்பார்வையிட்ட பிபிசி டிரஸ்ட், மூடும் திட்டத்தை ஏற்க மறுத்தது. பிறகு அது பிரிட்டனில் டிஜிட்டலில் மட்டும் இருக்கும் நிலையங்களிலேயே அதிகம் பேர் கேட்கும் நிலையமாக வளர்ந்தது. ஏசியன் நெட்வொர்க்கும் தப்பித்தது.

நான் இதில் பார்ப்பது: எட்டு வருடம் பிபிசி அதைப் பொறுமையாக நடத்தியிருக்கிறது. கேட்டவர்கள் கொஞ்சப் பேர் என்றாலும் அவர்களுக்கு அது வேறு எங்கும் கிடைக்காத ஒன்று. அதனால்தான் மூடும்போது சண்டை போட்டார்கள். பொதுவான ஹிட் பாட்டு நிலையமாக இருந்திருந்தால் யார் தெருவுக்கு வந்திருப்பார்கள்?

---

விளம்பர நிமிடம்

ஹாரோ தமிழன், நல்ல தகவல். ஆனால் அது ஜனங்கள் கட்டும் டிவி லைசென்ஸ் கட்டணத்தில் நடக்கும் நிலையம். இங்கே நிலைமை வேறு. நான் தமிழ்நாட்டில் ஒரு எஃப்எம் நிறுவனத்தில் விளம்பரப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

எங்களுக்கு வருமானம் விளம்பரம் ஒன்றுதான். தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி போட முடியாது, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போட மட்டும் அனுமதி. ஆக, எல்லாருமே பாட்டை நம்பித்தான் இருக்கிறோம். ஏலத்தில் எடுத்த தொகை ஒரு பக்கம், ஆண்டுக் கட்டணம் இன்னொரு பக்கம். தனியார் எஃப்எம் கொள்கையின் மூன்றாம் கட்டத்துக்கு மாறிய உரிமங்கள் பலவும் 2030இல் முடிகின்றன. இன்னும் சில வருடத்தில் முடியப்போகிற உரிமத்தை நம்பி யார் புது டிரான்ஸ்மிட்டர் வாங்குவார்கள்?

பாட்டு உரிமை விஷயமும் இருக்கிறது. 2010இல் காப்புரிமை வாரியம் நிகர வருமானத்தில் 2 சதவீதம் என்று வைத்தது. வருமானம் குறைந்தால் ராயல்டியும் குறையும், சின்ன நிலையம் பிழைத்துக்கொண்டது. 2020 கடைசியில் அந்த முறை மாறி, பாட்டு ஓடும் மணிக்கு இவ்வளவு என்ற கணக்கு வந்தது. மணிக்கணக்கில் ராயல்டி என்றால், கேட்க ஆளே இல்லாத புதுச் சானலில் நாள் முழுக்கப் பாட்டு போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று யாருக்கும் தெரியாது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அளக்கும் 'ராம்' கணக்கெடுப்பு டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு நான்கு நகரங்களில்தான் நடந்தது. சென்னை அதில் கிடையாது. எஃப்எம்முக்கே கணக்கு இல்லாத ஊரில், டிஜிட்டல் மூன்றாவது சானலில் கர்நாடக சங்கீதத்தை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எந்த விளம்பரதாரரிடம் எதைக் காட்டுவது? மனசு இல்லாமல் இல்லை. காட்ட எண் இல்லை.

---

மொட்டைமாடி ஏரியல்

விளம்பர நிமிடம், உள்ளே இருந்து எழுதியதற்கு மிக்க நன்றி. மணிக்கணக்கு ராயல்டி பற்றிச் சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். டிரான்ஸ்மிட்டர், செட் பற்றி எல்லாரும் பேசுகிறோம், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புதுச் சானலுக்கு முதல் சில வருடமாவது பழைய மாதிரி வருமானத்தில் பங்கு என்று வைத்தால்தான் ஒருவர் துணிந்து புது வகை இசையை முயன்று பார்ப்பார்.

ஆனால் ஒரு வகையில் உங்கள் வாதமே என் பக்கம் வருகிறது. படப் பாட்டு நிலையம் இன்னும் எத்தனை வந்தாலும் விளம்பரப் பணம் அத்தனை மடங்கு ஆகாது. இருப்பதையே பிய்த்துக்கொள்வீர்கள். வேறு கூட்டத்தைக் கொண்டுவந்தால்தான் புதுப் பணம். மார்கழியில் சபாக்களுக்கு விளம்பரம் கொடுக்கிற நகைக்கடை, வங்கி, காபித்தூள் கம்பெனி எல்லாம் எஃப்எம் பக்கம் வராததற்குக் காரணம், அங்கே அவர்கள் ஆள் இல்லை என்பதுதானே?

---

ஆதி தாளம்

கர்நாடக சங்கீதம் என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன். சானல் வந்தால் மட்டும் போதாது, அதற்கு எத்தனை கிலோபிட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) ஒதுக்குகிறார்கள் என்பதைக் கேளுங்கள்.

செல்வம் சார் சொன்ன டிஆர்எம் தொகுதி ஒன்றில் அதிகபட்சம் 186 கிலோபிட் போகும். சிக்னல் உறுதியாக வேண்டும் என்றால் அதைக் கணிசமாகக் குறைக்க வேண்டும். அதை மூன்று சானலுக்குப் பங்கு பிரிக்க வேண்டும். எச்டி ரேடியோவின் சாதாரண முறையில் மொத்தமே நூறு கிலோபிட் அளவுதான். நிலையத்துக்காரர் எதற்கு அதிகம் கொடுப்பார்? விளம்பரம் வரும் முதல் சானலுக்கு. மூன்றாவது சானலுக்கு முப்பதோ நாற்பதோ.

அந்த அளவில் சுருக்கினால் மேல் ஸ்தாயி ஒலிகளை அப்படியே அனுப்புவதில்லை. கீழே இருப்பதை வைத்து மேலே இருப்பதை செட் ஊகித்து உருவாக்கிக்கொள்கிறது. பேச்சுக்கும் சினிமாப் பாட்டுக்கும் அது பரவாயில்லை. தம்புராவைக் கேட்டுப் பாருங்கள். நல்ல தம்புராவில் ஜீவா (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) போட்டு மீட்டும்போது ஒரு தந்தியிலிருந்து மேலே மேலே ஸ்வரங்கள் கிளம்பி வருவது காதுக்குத் தெரியும். அதிகம் சுருக்கினால் அந்த ஜீவன் போய், தண்ணீருக்கு அடியில் இருந்து வருவது போல ஒரு சலசலப்பு மிஞ்சும். மிருதங்கத்தில் 'சாப்பு' விழும் இடத்தில் கூர்மை மழுங்கிப்போகும். கடத்தில் விரல் விழும் சத்தமும் பானையின் கார்வையும் ஒன்றாகக் குழம்பும்.

பிபிசியின் ரேடியோ 3, அதாவது மேற்கத்திய சாஸ்திரிய இசை நிலையம், டிஜிட்டலில் 192 கிலோபிட்டில் போய்க்கொண்டிருந்தது. 2006இல் 160க்குக் குறைத்தார்கள். கேட்பவர்கள் கண்டுபிடித்துப் புகார் செய்து திரும்ப 192க்கு ஏற்ற வைத்தார்கள். அது எம்பி2 என்ற பழைய ஒலிச் சுருக்க முறை, இன்றைய முறைகளில் அதைவிடக் குறைவான கிலோபிட்டிலேயே நன்றாகக் கேட்கும் என்பது உண்மை. ஆனாலும் குறைக்க ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை விதியாக எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை.

---

ஹாரோ தமிழன்

ஆதி தாளம் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. இங்கே டிஏபியில் இசை நிலையங்கள் பல, இடம் காணாமல் 64 கிலோபிட் மோனோவில் ஓடியிருக்கின்றன. ஸ்டீரியோ எஃப்எம் கேட்டுப் பழகியவனுக்கு 'டிஜிட்டல் தரம்' என்று சொல்லி மோனோவைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? பிறகு வந்த டிஏபி பிளஸ் என்ற மேம்பட்ட வடிவத்தில் கொஞ்சம் சரியானது. ஆனால் பழைய டிஏபி செட்களில் அது கேட்காது, திரும்பவும் புதுசு வாங்க வேண்டும்.

---

சூரிச் மாமா

பிள்ளைகள், சுவிஸ் நிலைமையையும் கேளுங்கோ. இங்கே அரச வானொலி 2024 டிசம்பர் 31ஓட எஃப்எம்மை முழுக்க நிப்பாட்டிப் போட்டுது. அதுக்குப் பிறகு அவையள் கேட்பாளர்களை இழந்ததும் உண்மை. பழைய கார் வச்சிருக்கிற சனம் தனியார் எஃப்எம் பக்கமும் எல்லைக்கு அங்கால இருக்கிற நிலையங்கள் பக்கமும் போயிட்டுது.

ஆனால் நான் டிஜிட்டலில் சந்தோசமாகக் கேட்கிறது மூண்டு நிலையம். ரேடியோ சுவிஸ் ஜாஸ், சுவிஸ் கிளாசிக், சுவிஸ் பொப். விளம்பரம் இல்லை, அறிவிப்பாளர் கதையும் இல்லை, இருபத்திநாலு மணித்தியாலமும் பாட்டுத்தான். வேலைத்தலத்தில் சமையலறையில் ஒரு சின்ன டிஏபி பிளஸ் பெட்டி இருக்கு, அதில சுவிஸ் ஜாஸ்தான் ஓடும். எனக்கு ஜாஸ் எண்டால் என்ன எண்டே தெரியாமல் வந்தவன் நான். கேட்டுக் கேட்டு இப்ப ட்ரம்பெட்காரன் வாசிக்கத் தொடங்கினவுடனேயே ஆர் எண்டு சொல்லுவன்.

நோர்வேயிலயும் 2017இல் தேசிய நிலையங்கள் எல்லாம் எஃப்எம்மை விட்டு வெளிக்கிட்டவை. எஃப்எம்மில் நாடு முழுக்க அஞ்சு நிலையம்தான் நடத்தக்கூடியதாக இருந்தது, டிஜிட்டலில் இருபதுக்கு மேல. மலையும் கடல் நுழைஞ்ச பள்ளத்தாக்கும் உள்ள நாட்டில எஃப்எம்முக்குக் கோபுரம் போட்டுக் கட்டுப்படியாகாது. உங்கட நாட்டில எஃப்எம்மை நிப்பாட்டாமல் பக்கத்தில டிஜிட்டலைக் கொண்டுவாறது எனக்குச் சரியாகத்தான் படுது. நிப்பாட்டுறதில அவசரம் வேண்டாம்.

---

குரோம்பேட்டை குமரன்

ஒரு சந்தேகம். லண்டன், சூரிச் எல்லாம் டிஏபி என்கிறார்கள். நாம் ஏன் அதை எடுக்கவில்லை? உலகம் முழுக்கச் செட் மலிவாகக் கிடைக்கிறதே?

---

சால்டர் செல்வம்

குமரன், டிஏபி நம் எஃப்எம் பட்டையில் வராது, வேறு பட்டை வேண்டும். ஐரோப்பாவில் பழைய டிவி ஓடிய 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் பகுதியைக் கொடுத்தார்கள். ட்ராய் எஃப்எம் பட்டைக்கு உள்ளேயே செய்யச் சொல்கிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. டிஏபியில் பத்துப் பன்னிரண்டு நிலையங்கள் ஒரே டிரான்ஸ்மிட்டரில் ஒன்றாகக் கட்டப்பட்டுப் போகும். அந்தத் தொகுப்பை நடத்துபவருக்கு எல்லாரும் வாடகை கொடுக்க வேண்டும். இங்கே அவரவர் அலைவரிசை அவரவர் கையில் இருக்கும். நிலையத்துக்காரர்கள் இதைத்தான் விரும்புவார்கள். ஆனால் புதிதாக ஒரு சின்ன இசைக் குழு, ஒரு சபா, ஒரு கல்லூரி நுழைய வேண்டும் என்றால் டிஏபியில் கொஞ்சம் இடம் வாடகைக்கு எடுத்தால் போதும். இங்கே முழு அலைவரிசையையும் ஏலத்தில் எடுக்க வேண்டும், அது அவர்களால் முடியாது.

---

மொட்டைமாடி ஏரியல்

செல்வம் சார், இதற்கு ஒரு வழி தோன்றுகிறது. நிலையத்துக்காரரே தன் மூன்றாவது சானலை வெளியாருக்கு வாடகைக்கு விட அனுமதித்தால்? விளம்பர நிமிடத்துக்கு நிரந்தர வாடகை, ராயல்டி எடுப்பவர் தலையில். சபா சங்கீதமோ, மதுரைப் பக்கத்து நாட்டுப்புறப் பாட்டோ, படத்தில் வராத புதுத் தமிழ் இசைக் குழுக்களோ உள்ளே வர ஒரு வாசல் கிடைக்கும்.

1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டை ஓரம்கட்டினார். ஜனங்கள் சிலோன் வானொலிக்குப் போனார்கள், அங்கே நம் படப் பாட்டு கொட்டியது. ஆகாசவாணி 1957 அக்டோபர் 3இல் விவித பாரதியைத் தொடங்கித்தான் கேட்பவர்களைத் திரும்ப அழைக்க முடிந்தது. அன்று இடம் இல்லாமல் இருந்தது சினிமாப் பாட்டு. இன்று எல்லா இடமும் அதற்குத்தான். மற்ற இசைக்கு ஒரு விவித பாரதி வேண்டும் என்கிறேன்.

---

பல்லாவரம் பாஸ்

வாடகை யோசனை பிடித்திருக்கிறது. வேதாரண்யத்தான் எழுதியதையும் யோசித்தேன். புயல், வெள்ளத்துக்கு ரேடியோ வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கு இப்போதைய எஃப்எம்மே போதும். டிஜிட்டலுக்காக ஒரு ரூபாய்கூட நான் செட்டில் போட மாட்டேன். காரோடு வந்தால் கேட்பேன்.

---

வேதாரண்யத்தான்

காரே இல்லாதவர்கள்தான் அண்ணே நாட்டில் அதிகம். கைப்பேசியில் எஃப்எம் வசதியை மூடி வைக்காதீர்கள் என்று 2023இல் மத்திய அரசே கம்பெனிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. இருக்கிற எஃப்எம்முக்கே இந்த நிலை. டிஜிட்டல் ரேடியோ கைப்பேசியோடு சேர்ந்து வரவில்லை என்றால் அது காரில் போகிறவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களும் மூன்றாவது சானலைக் கேட்க வேண்டாமா?

---

குரோம்பேட்டை குமரன்

கார் என்றதும் கேட்கிறேன். என் காரில் டிஆர்எம் இருக்கிறது என்று விற்பனையாளர் சொன்ன ஞாபகம். எங்கே பார்ப்பது? எஃப்எம் டிஜிட்டல் வந்தால் அதிலேயே கேட்குமா?

---

சால்டர் செல்வம்

மாருதி, ஹூண்டாய், மஹிந்திரா மாடல்கள் சிலவற்றில் கம்பெனியிலேயே டிஆர்எம் போட்டு வருகிறது. ரேடியோ மெனுவில் எஃப்எம், ஏஎம் பக்கத்தில் டிஆர்எம் என்று தனியாக இருக்கும். சில கார்களில் ஏஎம்முக்குள்ளேயே இருக்கும், டிஜிட்டல் நிலையம் கிடைத்தால் எண்ணுக்குப் பதிலாக நிலையத்தின் பெயர் திரையில் வரும். எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் அதிகம் உள்ள இடத்தில் பார்க்காதீர்கள், மத்திய அலைக்கு அந்த இரைச்சல் ஆகாது. ஊருக்கு வெளியே கொஞ்சம் திறந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

இப்போது அதில் வருவது மத்திய அலை டிஆர்எம். எஃப்எம் பட்டையிலும் இந்தியா டிஆர்எம்மையே தேர்ந்தெடுத்தால், இருக்கும் செட்டில் மென்பொருளைப் புதுப்பித்தால் போதும் என்று டிஆர்எம் கூட்டமைப்பு சொல்கிறது. எச்டி ரேடியோவைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் செட்டில் கேட்காது. அடுத்த சர்வீஸுக்கு விடும்போது செட்டின் மாடல் எண்ணையும் மென்பொருள் பதிப்பையும் குறித்து வாங்கி இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.